ஹல்டா பெயருக்கு வந்த கடிதங்கள்

கனெக்டிகட் ஆற்றங்கரையில், நீதிபதி வீட்டுத் துணிமணிகளைப் பதினாறு வருடமாகத் தைத்துக் கொடுத்தவள் ஹல்டா. வயது முப்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. வெடுக்கென்று பேசுவாள், ஆனால் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவாள். அந்த வாக்கே அவளுக்கு வினையாக முடிந்தது.

நீதிபதி வீட்டில் யாருக்குக் கடிதம் வந்தாலும் கூடத்தில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படிப்பார்கள். பெரிய வீடுகளின் வழக்கம் அது. மகள் லுக்ரீஷியாவுக்கு ஃபிலடெல்ஃபியா வக்கீல் ஒருவன் மேல் ஆசை. அவன் உருகி உருகி எழுதுவதை அப்பா கண்ணாடி மாட்டிக்கொண்டு வாசித்தால் எப்படி இருக்கும்?

"ஹல்டா, அவரை உன் பேருக்கு எழுதச் சொல்றேன். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. சத்தியம் பண்ணு."

இந்தப் பைத்தியக்காரியும் பண்ணிவிட்டாள்.

வியாழக்கிழமைதோறும் தபால்காரன் குதிரையில் வந்து, ஊர்க் கடிதங்களையெல்லாம் சத்திரத்து மேசையில் கொட்டிவிட்டுப் போவான். அவரவருடையதை அவரவர் பொறுக்கிக்கொள்வார்கள். அடுத்தவருடையதையும் புரட்டிப் பார்ப்பார்கள். வாராவாரம் ஹல்டாவின் பெயர் கிடந்தது.

"யாருடி அந்த ஃபிலடெல்ஃபியாக்காரன்? முத்திரையெல்லாம் பலமா இருக்கே!" என்றாள் சத்திரக்காரி பேஷன்ஸ்.

"உன் புருஷன்கிட்ட கேளு."

எல்லோரும் சிரித்தார்கள். மாவு ஆலைக்காரன் ஜேபஸ் மட்டும் சிரிக்கவில்லை. மனைவியை இழந்தவன், இரண்டு வருடமாக ஞாயிறு பிரார்த்தனை முடிந்ததும் ஹல்டாவோடு வீடு வரை நடந்து வருபவன். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

ஹல்டாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊசி விரலில் ஏறியது. நீதிபதியின் சட்டைக் கையைத் தலைகீழாகத் தைத்துவிட்டுப் பிரித்தாள். லுக்ரீஷியாவிடம் போய்க் கெஞ்சினாள்.

"சின்னம்மா, என் வாழ்க்கையே போகுது. என்னை விட்டுடுங்க."

"இன்னும் ரெண்டே மாசம், ஹல்டா. ஏப்ரல்ல அவரே வந்து அப்பாகிட்ட கேட்டுடுவார்."

இரண்டு மாதமாம்! அதற்குள் ஜேபஸ், ஊர்த் தச்சனின் தங்கை வீட்டுப் பக்கம் போக ஆரம்பித்துவிட்டான் என்று பேஷன்ஸ் வந்து சொன்னாள்.

ஹல்டாவுக்கு எழுத்து என்றால், படுக்கை விரிப்பின் மூலையில் சிவப்பு நூலால் பெயர் தைத்துப் பழகியதுதான். அந்தக் கட்டை எழுத்திலேயே ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எழுதினாள். "கடிதம் எனக்கு வருவதில்லை. யாருக்கென்று சொல்ல மாட்டேன். நம்பினால் வா."

சத்தியத்தில் பாதி போய்விட்டது. போகட்டும்! வியாழக்கிழமை ஊரே கூடியிருக்க, ஜேபஸ் பெயர் மேலே தெரியும்படி அதை மேசையில் வைத்தாள்.

ஜேபஸ் எடுத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு முறை படித்தான்.

"ஏன் ஹல்டா, பதிலை நானும் எழுதிப் போடணுமா? வாயால சொன்னா போதாதா?"

"சொல்லித் தொலையேன்!"

"ஞாயித்துக்கிழமை வர்றேன்."

ஏப்ரலில் அவர்களுடைய கல்யாண அறிவிப்பைச் சபையில் படித்தார்கள். வக்கீல் வந்தபாடில்லை. கடிதமும் நின்றுபோயிருந்தது. வியாழக்கிழமைகளில் லுக்ரீஷியாவே சத்திரத்துக்கு வந்து, ஊரார் பார்க்க, அந்த மேசையில் ஹல்டாவின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தாள்.