அவள் கேட்ட ஸ்கேன்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மயக்க மருந்து டாக்டருக்கு அது ஆகாது என்று எல்லாரும் சொல்லியாயிற்று. அன்றும் காலையிலேயே சர்ஜனிடம் கத்தினேன். "இவன் கழுத்தைப் பாருங்க. முழுசா மயக்கினா மூச்சுக்குழாய்க்குள்ள டியூப் போவாது. போவலைன்னா அவ்வளவுதான்."

பையனுக்கு ஐந்து வயது. குலசேகரம் பக்கம், அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். உடம்பில் சேரும் கழிவைக் கரைக்க முடியாத அபூர்வப் பிறவி நோய். பெரிய நாக்கு, கழுத்தே இல்லாததுபோல் பதிந்த தலை, மடங்கிப்போன விரல்கள். அம்மா வழியாக வந்து ஆண் பிள்ளைகளைப் பிடிக்கிற நோய் அது. இப்போது குடலிறக்கம் சிக்கி வலியில் துடித்தான். திருவனந்தபுரத்துக்கு அனுப்ப நேரமில்லை.

விழித்திருக்கும்போதே முதுகின் அடியில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்ய வேண்டும். வேறு வழி இல்லை. பிடித்துக்கொள்ள அவன் அம்மாவை உள்ளே விட்டோம். அவளுக்கு ஏழு மாதம். பையனுக்கு என்ன நோய் என்று கண்டுபிடித்ததே இவள் மறுபடி உண்டான பிறகுதானாம்.

"அனங்காதே மக்களே, அம்மை இஞ்ச இருக்கேம்லா" என்று மகன் அசையாதபடி அவன் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

ஊசி போகும் இடம் திரையில் தெரிய, அவன் முதுகடியில் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்தேன். திரை முழுக்க ஒரே சாம்பல். "சவத்து மிஷின்!" என்று வாய்விட்டே திட்டினேன். பயம்தான், வேறென்ன. கொஞ்சம் சாய்த்தேன், இன்னும் கொஞ்சம். ஊசி வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, முனையும் தெரிந்தது. மருந்து உள்ளே விரிவதைப் பார்த்த பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது. சற்று நேரத்தில் பையன் அழுகையை நிறுத்தினான். சர்ஜன் கத்தியை எடுத்தார்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டாக்டரே, இது வயித்துப் பிள்ளையப் பாக்குத ஸ்கேன்தானே?"

"ஆமா."

"ஆம்பளப் பிள்ளைக்குத்தான் இந்தச் சூக்கேடு வரும்னு சொன்னாவ. எனக்க வயித்துல ஒண்ணு வச்சிப் பாருங்க. பொட்டப்பிள்ளைதான்னு மட்டும் சொல்லுங்க, போதும். ஒரு ராத்திரியாவது ஒறங்குவேன்."

ஸ்கேன் மிஷின் இருக்கிற இடத்திலெல்லாம் மாட்ட வேண்டிய போர்டு அவளுக்கு நேர் எதிரே தொங்கியது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்வதில்லை, சொன்னால் குற்றம். பெண் என்று தெரிந்தால் கலைத்துவிடுகிறார்களே என்று கொண்டுவந்த சட்டம். இவளோ பெண்ணாக இருக்கட்டும் என்று கெஞ்சுகிறாள்.

"அதச் சொல்லக்கூடாதும்மா. கேஸாயிரும். இந்த மிஷின்ல அவ்வளவு ஆழத்துக்குத் தெரியவும் செய்யாது."

"ஊசி முனை தெரிஞ்சுதே டாக்டரே. எனக்க பிள்ளை தெரியாதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பையனின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.