காட்டுப்பன்றிப் படம் போட்ட பெட்டி

ஒருவர் செய்யவும் இல்லை, செய்யப்போவதாகச் சொல்லவும் இல்லை. அப்படிப்பட்ட ஒரு தீங்கை அவரிடமிருந்து தடுத்துவிட்டதாக நாம் மனநிறைவு கொள்வது அறத்தில் சேருமா, அகந்தையில் சேருமா? சமூகப்பணியில் முதுகலை படித்த இரண்டு ஆண்டுகளில் எந்தத் தேர்வுத்தாளும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. கேட்டது ஒரு ஸ்கோப். துப்பாக்கியின் மேல் பொருத்தும் அந்தச் சிறு தொலைநோக்கியை என் அக்காவின் கணவருக்காக நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

வடாற்காட்டு வழக்கப்படி அவரை நான் மாமா என்றே அழைப்பேன். மராத்திய மாநிலத்தின் தொழில்நகரான சிஞ்ச்வட்டில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஆலையொன்றில் லேத் ஓட்டுகிறார். வாரத்தில் ஆறு நாள் இரும்போடு இருப்பவர், ஞாயிறு காலையில் காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைஃபிளை உறையிலிட்டு ஸ்கூட்டரில் கோர்படிப் பக்கம் போய்விடுவார். அங்கே ஒரு சிறிய துப்பாக்கிசுடும் கிளப் உண்டு. பத்து மீட்டர் தூரத்தில் ஒரு காகித அட்டை, அதன் நடுவே ஒரு கறுப்பு வட்டம், அவ்வளவுதான் விளையாட்டு. கிளப்பின் நால்வர் அணியில் நான்காவது இடம் பதினோரு ஆண்டுகளாக அவருடையது.

நாற்பத்தெட்டாவது வயதில் கண் தகராறு செய்யத் தொடங்கியது. குழல் முனையில் உள்ள குறிமுள் தெளிவாகத் தெரிந்தால் அட்டை மங்கியது. அட்டையைப் பிடித்தால் முள் கரைந்தது. நல்லவேளையாக, வயது கூடியவர்கள் ஸ்கோப் பொருத்திக்கொள்ளலாம் என்று கிளப் அந்த ஆண்டு இசைந்தது. அணிக்கு ஆளெடுக்கும் தேர்வுச்சுற்றுக்கு இரண்டு வாரம் இருந்தது. இடம் போய்விட்டாலும் கிளப்பை விட்டு யாரும் அனுப்பமாட்டார்கள். பிறர் சுட்ட அட்டையைக் கழற்றிப் புதியதை மாட்டும் வேலையைக் கொடுப்பார்கள். மாமா அதற்குப் பென்ஷன் என்று பெயர் வைத்திருந்தார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்; ஆனால் அந்த இரண்டு வாரத்தில் அதைப் பலமுறை சொன்னார்.

அக்காவோடும் மாமாவோடும் நானும் இருக்கும் வீட்டில் எதை வாங்குவதானாலும் படித்தவள் என்ற முறையில் தேர்வு என்னுடையது. மிக்ஸி, தண்ணீர் சுத்திகரிப்பான், மருத்துவக் காப்பீடு என்று என் சாதனைப் பட்டியல் ஏற்கெனவே நீளமானது. மலிவாகவும் உருப்படியாகவும் ஒரு ஸ்கோப் பார்த்துச் சொல்லும்படி மாமா கேட்டபோது நான் வியப்படையவில்லை.

என்னைக் கலங்கச் செய்தது வேறொன்று. மாமாவோடு வேலை பார்க்கும் மராத்திய நண்பர் ஒருவருக்கு முள்ஷிப் பக்கம் நெல்வயல் இருந்தது. காட்டுப்பன்றிகள் இறங்கி உழுதுவிட்டுப் போவதாக எங்கள் வீட்டில் தேநீர் குடித்தபடி வருத்தப்பட்டவர், ஸ்கோப் வந்ததும் ஒருநாள் வயலுக்கு வரவேண்டும் என்று மாமாவை அழைத்தார். மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் ஒப்புதலாகப் பதிவுசெய்துகொண்டேன்.

அன்றிலிருந்து என் ஆராய்ச்சி திசைமாறியது. வனத்துறையின் அனுமதியின்றி அந்த விலங்கைக் கொல்வது குற்றம் என்பதைப் படித்தேன். சட்டம் பன்றிக்குத் தரும் பாதுகாப்பையும், உழவருக்குத் தரத் தவறும் பாதுகாப்பையும் எடைபோட்டு இரண்டு பக்கம் குறிப்பு எழுதினேன். ஸ்கோப்பைப் பற்றி அரைப் பக்கம் தேறியது. மாமாவிடம் நேரடியாக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவரைச் சந்தேகிப்பதாக ஆகிவிடும் என்ற பண்பாட்டு உணர்வு என்னைத் தடுத்தது. ஆகவே கேட்காமலேயே சந்தேகித்தேன்.

தேர்வுக்கு முந்திய நாள், சனிக்கிழமை, இருவரும் கேம்ப் என்னும் கடைவீதிப் பகுதியில் உள்ள ஒரு கடைக்குப் போனோம். எங்கள் கைக்கு எட்டும் விலையில் இரண்டு பெட்டிகள் வந்தன. முதலாவதன் மேல் உறுமும் காட்டுப்பன்றியின் படம். உள்ளே குட்டையான, தடித்த ஸ்கோப். நான்கு மடங்குதான் பெரிதாக்கும். இரண்டாவதன் மேல் கண்ணியமான வட்டங்கள், நடுவே ஒரு சிவப்புப் புள்ளி. உள்ளே நீளமான, ஒல்லியான ஸ்கோப்; பன்னிரண்டு மடங்கு பெரிதாக்கும். விலையில் பெரிய வேறுபாடில்லை.

கடைக்காரர் முதல் பெட்டியையே முன்னால் தள்ளினார். ஸ்பிரிங் வைத்த ஏர் ரைஃபிள் சுடும்போது பின்னாலும் உதைக்கும், முன்னாலும் உதைக்கும். அந்த இரட்டை உதையை இதுதான் தாங்கும் என்றார். முன்பக்க வளையத்தைத் திருப்பினால் பத்து மீட்டரிலிருந்தே தெளிவு கிடைக்கும், மற்றதில் அந்த வளையம் இல்லை என்றும் சொன்னார். அவர் சொன்னதெல்லாம் என் காதில் விழுந்தது. என் கண் பன்றியின் மேல் இருந்தது. எங்களுக்கு வேட்டை நோக்கம் இல்லை, இலக்குப் பயிற்சி மட்டும்தான் என்று, மாமாவுக்கும் கேட்கட்டும் என, சற்று உரத்தே இந்தியில் சொன்னேன்.

"படம் பெட்டிக்குத்தான் மேடம். கண்ணாடிக்குப் பன்றியும் தெரியாது, காகிதமும் தெரியாது" என்றார் அவர், அதே இந்தியில்.

வணிகத்தின் மனசாட்சி இப்படித்தான் பேசும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது ஸ்கோப்பை மாமாவிடம் கொடுத்து வாசலில் நின்று பார்க்கச் சொன்னேன். தெருக்கோடியில் ஒரு பேக்கரியின் விளம்பரப் பலகை இருந்தது.

"சூப்பரா கீதும்மா. அந்த பன்னு மேல எள்ளு எத்தினின்னு எண்ணிடுவேன்" என்றார் மாமா.

தெருக்கோடி நிச்சயம் நூறு மீட்டர் இருக்கும். கிளப்பின் பத்து மீட்டர் எங்கள் இருவருக்கும் மனப்பாடம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முதுகலைப் பட்டம் தேவையில்லை. வைத்துப் பார்க்காமல் இருப்பதற்கு ஒருவேளை தேவைப்படும்.

மாலையில் ரைஃபிளில் பொருத்தி, ஹாலின் மறுமுனையில் மாட்டியிருந்த காலண்டரைக் குறிபார்த்த மாமா, ஒரே புகையாக இருப்பதாகச் சொன்னார். ஹால் சின்னது, கிளப்பில் சரியாகிவிடும் என்று நான் உறுதியளித்தேன். படித்தவள் சொன்னதால் அவரும் நம்பினார்.

மறுநாள் நானும் கூடப் போனேன். சரிபார்த்துக்கொள்ள ஐந்து குண்டு, பிறகு கணக்கில் சேரும் இருபது. ஒருமுறை ஸ்கோப்போடு தொடங்கிவிட்டால் இடையில் கழற்றக்கூடாது. ஐந்து குண்டுக்குப் பிறகு மாமா கண்ணை எடுத்து, இமையைத் தேய்த்து, மறுபடி வைத்தார். நான் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டேன்.

"அட்டை தெரியுதா மாமா?"

"தெரியுதே. ஒன்னுக்கு மூணா தெரியுது. எத சுடட்டும், நீயே சொல்லு."

பதின்மூன்றாவது குண்டுக்குப் பிறகு உதையில் ஸ்கோப்பின் உள்ளே குறிபார்க்க இருந்த குறுக்குக்கோடும் நகர்ந்துவிட்டது. அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. அடுத்த குண்டை இட்டு, மூச்சைப் பிடித்து, வெறும் புகையை நோக்கி ஒழுங்காகச் சுட்டுக்கொண்டிருந்தார். இருபது முடிந்ததும் அட்டையைக் கொண்டுவந்து காட்டினார்கள். கறுப்பு வட்டம் ஏறக்குறைய புதியதாகவே இருந்தது. நான்காவது இடம் வங்கியில் வேலை பார்க்கும் ஒருவருக்குப் போயிற்று. அவர் கண்ணாடிகூடப் போடாதவர்.

திரும்பும் வழியில் கசார்வாடியில் ஒரு தேநீர்க்கடை முன் ஸ்கூட்டரை நிறுத்தினார். ஸ்கோப் ராசியில்லை, அவ்வளவுதான் என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அதைத் தாங்க முடியாமல் உண்மையைச் சொன்னேன்: எது நல்லது என்று கடைக்காரர் சொன்னது எனக்குப் புரிந்தே இருந்தது, வேட்டைக்கு உதவாததை வாங்க வேண்டும் என்றுதான் மற்றதை எடுத்தேன், முள்ஷிக்குப் போய்விடுவீர்களோ என்று பயந்தேன்.

மாமா கிளாஸை பெஞ்சின் மேல் வைத்தார்.

"இந்தத் துப்பாக்கியில பன்னிய சுட்டா இன்னா ஆவும் தெரியுமா? எவன்டா முதுகு சொறிஞ்சிவுட்டதுன்னு திரும்பிப் பாக்கும். இதுல சாவ மாட்டோம்னு அதுக்கே தெரியும். உனுக்குத் தெரியல."

கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"வேலி போடு, ஃபாரஸ்ட் ஆபீஸ்ல மனு குடுன்னு அவன்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா நீ? பன்னிக்குப் பயந்து என்ன சுட்டுட்டியே மச்சினிச்சி."

கடைசிச் சொல்லில் கேலி இருந்தது. அதற்கு முந்திய வாக்கியத்தில் இல்லை. தேநீருக்கு அவர்தான் பணம் கொடுத்தார். நான் கொடுக்க முனைந்தபோது கையை விலக்கிவிட்டார்.

திங்களன்று நான் மட்டும் கடைக்குப் போனேன். பொருத்தும் வளையங்கள் குழலில் தடம் பதித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்று கடைக்காரர் மரியாதையாகவே சொன்னார். நான் நுகர்வோர் சட்டத்தை மேற்கோள் காட்டவில்லை. முதல் பெட்டியை என் பணத்தில் வாங்கிவந்தேன். அடுத்த ஞாயிறு அதைப் பொருத்திச் சுட்டதில் இருபதில் பதினேழு கறுப்பு வட்டத்துக்குள் விழுந்ததாக மாமா அக்காவிடம் சொன்னார். அணி ஏற்கெனவே அறிவிக்கப்பட்டிருந்தது.

இப்போது எவரைப் பற்றியாவது எனக்கு ஐயம் எழுந்தால் அவரிடமே கேட்டுவிடுகிறேன், சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வேண்டிய பொருள்களை அக்காவே கடைக்காரரிடம் விசாரித்து வாங்குகிறாள். போட்டி நடக்கும் ஞாயிறுகளில் மாமா அட்டை மாற்றுகிறார்.