ஒரு வயலினும் நாங்கள் இரண்டு பேரும்

ஜன்னல் கம்பியை ஈரத்துணியால் துடைத்தால் வெளிர்ச் சாம்பல் நிறத்தில் ஒரு கூழ் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு அது விரலிடுக்கில் நறநறக்கும். அரியலூர்ப் பக்கம், சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையோரத்தில் இருந்தது எங்கள் வீடு. அந்தத் தூசிக்கு அம்மா வைத்த பெயர் "லாரி மாவு". டிவி, சாமி படம், தண்ணீர்க் குடம் என்று காலையும் மாலையும் எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பாள்.

அந்த வீட்டுக்கு ஒரு வயலின் வந்தது. ஆலையில் ஃபிட்டராக இருந்த அப்பாவுக்கு, ஊர் மாறிப்போன நண்பர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. எனக்கும் இரண்டு வயது மூத்த அக்காவுக்கும் அது பொது. சனிக்கிழமைதோறும் இருவரும் பஸ் ஏறி டவுனுக்குப் போய் ஒரு டீச்சரிடம் கற்றுக்கொண்டோம்.

நான் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் வாசிப்பேன். சரளி, ஜண்டை என்ற பயிற்சி வரிசைகளை முதலிலிருந்து கடைசிவரை, மறுபடி முதலிலிருந்து, நடுவில் வரும் தப்பையும் விடாமல் சேர்த்து வாசித்துக்கொண்டு போவேன். கண் மட்டும் கடிகாரத்தில் இருக்கும். அக்காவுக்கு இருபது நிமிடம் போதும். அதிலும் பாதி நேரம் வில் அவள் மடியில்தான் கிடக்கும். தப்பிய ஸ்வரத்தை வாயால் மெதுவாகப் பாடிப் பார்ப்பாள், விரலை மயிரிழை நகர்த்துவாள், ஒரே ஒரு தரம் இழுப்பாள், பிறகு யோசிப்பாள்.

"சின்னவளப் பாரு, அசையாம உக்காந்துருக்கா. அடிமேல அடி வெச்சா அம்மியும் நகரும்" என்பார் அப்பா. என் அம்மி நகரவில்லை என்பது எனக்கே அப்போது தெரியாது.

ஒருநாள் டீச்சர், அடுத்த பாடமான கீதத்துக்கு ஆளுக்கொரு வயலின் வேண்டும் என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் இன்னொரு வயலின் என்ற பேச்சுக்கே இடமில்லை. வரும் சனிக்கிழமை இருவரும் ஜண்டை வரிசை வாசிப்பது, நன்றாக வாசிப்பவளுக்கு வயலின், மற்றவள் வகுப்பிலிருந்து நின்றுகொள்வது என்று முடிவாயிற்று. அந்த வாரம் நான் தினமும் மூன்று மணி நேரம் வாசித்தேன்.

சனிக்கிழமை முதலில் நான்தான் வாசித்தேன். கம்பியிலிருந்து நாதம் வரவில்லை, உஸ் என்று காற்றுதான் வந்தது. வில்லை அழுத்தினேன், இன்னும் அழுத்தினேன், கடைசி வரிசைவரை வாசித்து முடித்து நிமிர்ந்து பார்த்தேன். அக்கா வாங்கி, ஒரே ஓர் இழுப்பில் நிறுத்திவிட்டாள்.

"வில்லு கம்பியப் புடிக்கல டீச்சர். ரோசின் போட்டுக்கட்டுங்களா?"

ரோசின் கட்டியை வில் மயிரில் தேய்த்தால்தான் அது கம்பியைப் பிடித்துச் சத்தம் எழுப்பும். அவள் பொறுமையாகத் தேய்த்துவிட்டு வாசித்தாள். ஒவ்வொரு ஸ்வரமும் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. டீச்சர் நல்லவர், எனக்கும் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். இப்போது சத்தம் கணீரென்று வந்தது, அதில் என் தப்புகளும் கணீரென்று கேட்டன.

"மொதல்ல சத்தமே வரலியேம்மா, ஒனக்குத் தெரியலையா?" என்று கேட்டார்.

"முடிச்சுட்டேன்ல டீச்சர்" என்றேன்.

வயலின் அக்காவுக்குப் போனது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "பொட்டிக்குள்ளயும் லாரி மாவு பூந்துருந்துச்சுடி. நேத்து ராத்திரி கம்பி, வில்லு எல்லாத்தையும் சோப்புத் தண்ணி போட்டுத் தொடச்சு வெச்சேன், பாத்தீங்களா?" என்றாள் பெருமையாக. அவள் துடைத்தெடுத்தது ரோசின் பொடியை. அவள்மேல் பழியைப் போட எனக்கு ஆசைதான். ஆனால் அதே வில்தானே அக்காவின் கைக்கும் போனது? வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடு, தினமும் அக்கா வாசிக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் எங்கே நிறுத்துகிறாள் என்று கவனித்தேன். கேட்பது என்றால் என்னவென்று அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

பிறகு அக்காவுக்கு உடையார்பாளையத்தில் கல்யாணம் ஆயிற்று. முந்திரி வியாபாரக் குடும்பம், எந்நேரமும் ஆள் நடமாட்டம் உள்ள வீடு. வயலினைப் பிறந்த வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். போட்டியில் கிடைக்காதது எனக்குச் சும்மா கிடைத்தது.

இப்போது நான் பெரம்பலூரில் ஓர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். காலையில் இருபது நிமிடம் வாசிக்கிறேன், தப்பிய இடத்தில் நிறுத்துகிறேன், பாடிப் பார்க்கிறேன். கேட்பவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

போன பொங்கலுக்கு அக்கா வீட்டுக்கு வயலினை எடுத்துப் போயிருந்தேன். நான் வற்புறுத்தியபின் உட்கார்ந்து ஒரு கீதத்தில் இரண்டு வரி வாசித்தாள். எங்கும் சுருதி தப்பவில்லை. மூன்றாம் வரிக்கு முன் வில்லைக் கீழே வைத்துவிட்டு, இடது கையை உதறினாள்.

"வெரலு எரியுதுடி."

அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தேன். கம்பி அழுத்தி அழுத்தி விரல் நுனிகளில் ஏறியிருந்த காய்ப்பு சுத்தமாக மறைந்து, தோல் மெத்தென்று இருந்தது.

"நீயே வெச்சுக்கயேன்க்கா" என்றேன்.

"இந்த வூட்ல எங்கேர்ந்து வாசிக்கிறது? நீ எடுத்துட்டுப் போ" என்றாள்.

நான் இரண்டாம் முறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டுவிடுவாளோ என்று பயந்தேன்.