கண்ணாடிக் காட்டுக்கு ஒரு குழை

மழைக்காட்டை என் வாழ்நாளில் முதன்முதலாகப் பார்த்தது நோர்வேயில், ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள். வெளியே பனி, உள்ளே வேர்வை. நான் உதவியாளராக இருக்கும் பாலர் பள்ளியின் நான்கு வயதுப் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தோம். ஆசிரியை மாரித் என்னைக் காட்டி, "இவர் இப்படியான காட்டிலிருந்துதான் வந்தவர்" என்றார். இலங்கையில், மூதூர்ப் பக்கத்துக் கட்டைபறிச்சானில் எங்களுடையது வறண்ட காடு. ஒரு மாரி போனால் அடுத்த மாரி வரைக்கும் வானத்தைப் பார்த்திருக்கும். மறுத்துச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் தலையாட்டிவிட்டேன்.

"ஓர் இலையைக்கூடப் பிடுங்கக் கூடாது. காடு அழிந்தால் தவளைக்கும் குரங்குக்கும் வீடில்லை." ஒரு கிழமையாகப் பிள்ளைகளுக்கு இதுதான் பாடம். நானும் சேர்ந்துதான் சொன்னேன். ஆனால் அந்த ஈரமண் வாசம் மூக்கில் ஏறியதும் என் கை என்னைக் கேட்கவில்லை. வாசலோரச் செடியில் இலைக்கொத்தோடு ஒரு குழையை முறித்து நிலத்தில் வைத்துவிட்டேன்.

ஊரில் விறகுக்கோ பாலைப்பழத்துக்கோ போனால், காட்டோரத்துப் பாலை மரத்தடிப் பிள்ளையாருக்கு ஒரு குழை முறித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்போம். திரும்பும்போது பழப்பாலில் உதடெல்லாம் ஒட்டிக்கிடக்கும். அந்த ஒட்டலை இப்போதும் நாக்கு தேடுகிறது.

என் விரலைப் பிடித்திருந்த சிறுமி சிக்னே பார்த்துவிட்டாள். "மரத்தை உடைத்துவிட்டாய்!" என்று அழுது கையை உதறினாள். அதன்பின் என் பக்கமே வரவில்லை. நான்கு வயதுப் பிள்ளை முகம் திருப்பினால் இவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

அன்று பின்னேரம் ஊரிலுள்ள தங்கைக்குப் போன் எடுத்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உங்களுக்கு விசரே அக்கா? கண்ணாடிக் காட்டுக்கும் குழை போட்டனீங்களோ?"

"சிரியாதை. பிள்ளை என்னோட கதைக்குதில்லை."

"இஞ்சயும் இப்ப ஆர் போடுகினம்? பிள்ளையாரடிப் பாலையையும் தறிச்சுப்போட்டாங்கள்."

போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் சிக்னேயைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். நான் மழைக்காட்டுக்காரி இல்லை. எங்கள் காட்டுக்குள் போகுமுன் அப்படித்தான் அனுமதி கேட்போம். இங்கே முறித்தது பிழைதான். அவள் யோசித்தாள். "கீழே விழுந்த கொப்பை வைத்துக் கேட்கலாமே" என்றாள்.

அடுத்த கிழமை பள்ளிக்குப் பின்னாலுள்ள பேர்ச் மரக் காட்டுக்கு நடந்து போனோம். சிக்னே விழுந்துகிடந்த கொப்பொன்றைப் பொறுக்கி முதல் மரத்தடியில் வைத்தாள். மற்றப் பிள்ளைகளும் வைத்தார்கள். வைத்துவிட்டு உள்ளே போகாமல் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"காடு என்ன சொல்கிறது?" என்று சிக்னே கேட்டாள்.

என்னை இன்னும் யாரென்று தெரியாத அந்தக் காட்டுக்காக, "ஓம், வாங்கோ" என்றேன், தமிழில். அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.