பதவியில் இருக்குமட்டும்

"கதிரையில இருக்கிற ஜனாதிபதியில வழக்குப் போடலாமோ, பிள்ளை?"

அக்கா நேராகவே கேட்டார். மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், எங்கள் வீட்டுக் குசினியில் இருந்தோம். எதிரே இருந்தவர் இங்கே பிறந்து வளர்ந்த இளம் வழக்கறிஞர். காணாமல் போனவர்களின் குடும்பங்களைத் தேடிப்போய் வாக்குமூலம் எடுத்துக்கொண்டிருந்தார். யுத்தம் முடிந்த நாட்களில் எங்கள் அத்தானை, அக்காவின் புருசனை, விசாரிக்கவென்று ஆமிக்காரர் அக்காவின் கண்முன்னால்தான் பஸ்ஸில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஏற்றியவர்களை விட, மேலே இருந்து உத்தரவு போட்டவரைத்தான் கேட்கவேண்டும் என்பது அக்காவின் பிடிவாதம்.

வழக்கறிஞர் தமிழில் சொல் தேடித் தேடிச் சொன்னார். "பதவியில இருக்குமட்டும் ஏலாது, அன்ரி. அங்கத்தைய அரசியலமைப்பே மறிக்குது. இறங்கினாப் பிறகு போடலாம்."

வெளிநாட்டு நீதிமன்றங்களும் பதவியில் இருக்கும் ஒருவரைத் தொடப் பின்னிற்கும் என்றார். ஆனால் சாட்சிகளுக்கு வயதாகிறது, அதனால் இப்போதே பதிந்து வைக்கவேண்டும் என்றார். அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லிப் போனார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. வழக்கே போட முடியாத ஆளுக்கு எதிராக ஏன் இப்போது பேர் கொடுக்கவேண்டும் என்று அக்காவோடு சண்டை பிடித்தேன். எங்கள் தங்கச்சி பிள்ளைகளோடு இன்னும் ஊரில்தான் இருந்தாள்.

அந்தக் கிழமையே அவள் போன் எடுத்தாள். நான் துறைமுகத்தில் கொண்டெய்னர் ஏற்ற லொறியோடு வரிசையில் நின்றேன். தெரியாத இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்களாம். மரியாதையாகத்தான் கதைத்தார்களாம். மொன்றியலில் இருக்கிற அக்கா சுகமாக இருக்கிறாவோ என்று கேட்டுவிட்டு, முற்றத்தில் விளையாடிய பிள்ளைகளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார்களாம். வழக்கறிஞர் வந்து போனது அவர்களுக்கு எப்படித் தெரிந்ததோ. எனக்கு முன்னால் வரிசை நகர்ந்தது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். நான் லொறியை எடுக்கவில்லை.

அக்காவிடம் மறைக்க முடியவில்லை. கேட்டதும் வழக்கறிஞரை வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னார். பேந்து யோசித்துவிட்டு, தங்கச்சியிடமே கேட்பம் என்றார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா நடந்ததைச் சொல்லட்டும்," என்றாள் தங்கச்சி. "நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாலும் அவங்கள் வரத்தான் போறாங்கள்."

ஞாயிறு வழக்கறிஞர் வந்தார். அக்கா எல்லாம் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். பஸ் வெளிக்கிட முன்னர் அத்தான் தன் கை மணிக்கூட்டைக் கழற்றி ஜன்னலால் நீட்டியதை அன்றைக்குத்தான் முதல் முறை கேட்டேன். அதை வாங்கக் கை நீட்டவும் அக்காவுக்குப் பயமாக இருந்ததாம். நான் கதவுப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். படியில் யாரோ ஏறும் சத்தம் கேட்டது. மேல்வீட்டுக்காரர்தான். ஆனாலும் எழும்பிப்போய்ப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.

சில வருடங்கள் போயின. அந்த ஜனாதிபதி பதவியிழந்தார். எங்கள் ஆட்கள் கடைகளில் இனிப்புக் கொடுத்தார்கள். எனக்குச் சந்தோசம் வரவில்லை. அவரைக் காத்த அதே சட்டம் எங்களையும் காப்பாற்றி வந்தது என்று அன்றுதான் விளங்கியது. வழக்குப் போட ஏலாமல் இருந்தமட்டும் அக்காவின் சொல்லால் அவர்களுக்கு ஆபத்தில்லை; அதனால்தான் மிரட்டியதோடு விட்டார்கள். இனி அப்படியில்லை.

வழக்கறிஞர் அழைத்தார். இனிப் போடலாம், அன்ரியின் பேரையும் சேர்க்கலாமோ என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"ஓம், சேருங்கோ," என்றார் அக்கா.

முறைப்பாடு நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்னும் பதில் இல்லை. தங்கச்சி குடும்பம் புருசனின் ஊருக்கு மாறிவிட்டது. சுகமாக இருக்கிறோம் என்று அவளுடைய மெசேஜ் தினமும் காலையில் வரும். அது பிந்துகிற நாட்களில் லொறியை ஓரமாக நிறுத்திவிட்டு, வரும்வரை காத்திருக்கிறேன்.