சாங்கி லைன் அறுந்த நாள்

எண்பதுகளின் நடுவில் சிங்கப்பூரில், ஃபேரர் பார்க்கில் இருந்த ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் எனக்கு வேலை. பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருந்தவர்கள் என்னைக் 'கம்ப்யூட்டர் பார்க்கிற பொண்ணு' என்பார்கள். பார்ப்பதற்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது. குளிர்பதனப் பெட்டி அளவில், தனி அறையில், எந்நேரமும் இரைந்துகொண்டு நிற்கும். வெளியே தட்டச்சுப் பெண்களின் மேசைகளில் ஆளுக்கொரு டெர்மினல், அதாவது திரையும் விசைப்பலகையும். அவற்றுக்கென்று சொந்த மூளை கிடையாது. எல்லோரும் அந்த ஒரே கம்ப்யூட்டருக்குள் ஒரே நேரத்தில் போய் வேலை செய்வார்கள்.

சாங்கி விமான நிலையத்தில் எங்களுக்கு ஒரு சின்ன அலுவலகம் இருந்தது. அங்கே உள்ளவர்களும் இதே கம்ப்யூட்டரில் வேலை செய்ய வேண்டும் என்று முதலாளி முடிவெடுத்தார். இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு டெலிபோன் லைன், இரு முனையிலும் கம்ப்யூட்டரின் பேச்சை லைனில் அனுப்ப ஒரு மோடம். அதை நடத்திக் காட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கம்ப்யூட்டரை விற்றவர்கள் கேபிள்களையும் தடிமனான ஒரு கையேட்டையும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கொஞ்ச நேரம் ஓடும். பிறகு லைன் அறுந்து சாங்கியில் திரைகள் உறைந்து நிற்கும். லைன் திரும்ப வந்ததும் அவர்கள் மறுபடி உள்ளே வரப் பார்த்தால் கம்ப்யூட்டர் விடாது. போனவர்கள் போனது அதற்குத் தெரியவில்லை. இன்னும் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவர்கள் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். இத்தனை பேர்தான் என்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. இல்லாத ஆட்களாலேயே அந்தக் கணக்கு நிரம்பிவிடும். அதன் பிறகு எங்கள் அலுவலகப் பெண்களுக்குக்கூட இடம் கிடைக்காது. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி கிளப்புவது ஒன்றுதான் வழி. அணைத்தால் பாதியில் நிற்கும் எல்லோருடைய வேலையும் போகும்.

விற்றவர்களைக் கூப்பிட்டால் லைன் சரியில்லை என்றார்கள். லைன்காரர்கள் வந்து சோதித்துவிட்டு லைனில் குறையே இல்லை என்றார்கள். வாரக்கணக்கில் நான் நடுவில் கிடந்து அலைந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் கையேட்டின் பக்கங்கள் கண்ணுக்குள் ஓடும். முதலாளியோ சாங்கியின் தட்டச்சு இயந்திரங்களை ஏற்கனவே அப்புறப்படுத்திவிட்டார். சரக்கோடு விமானத்தில் போகும் ஏர்வே பில்லின் எண்ணைக் கம்ப்யூட்டர்தான் தர வேண்டும், கையால் ஒரு பில்கூடப் போடக்கூடாது என்பது அவர் உத்தரவு.

அன்று காலை சாங்கியிலிருந்து தலைமை எழுத்தர் போன் செய்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஓய்வுபெற அதிக காலம் இல்லாதவர், குரலை உயர்த்தவே மாட்டார். நான் அவரை அங்கிள் என்பேன்.

"பிள்ளை, திரும்பவும் நிண்டுட்டுது. ஒருத்தராலயும் உள்ளுக்குப் போகேலாமக் கிடக்கு."

விற்றவர்களின் இன்ஜினியர் மதியச் சாப்பாட்டுக்கு மேல் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அதுவரை பொறுக்க முடியுமா என்று கேட்டேன்.

"மெட்ராஸ் பிளேனுக்கு ஒரு பெட்டி போகவேணும். சவப்பெட்டி. தமையன் எனக்கு முன்னாலதான் இருக்கிறார்."

கப்பல் பட்டறையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோன ஒரு தொழிலாளி. புதுக்கோட்டைப் பக்கம். அண்ணனும் இங்கேதான் வேலை செய்தார். ஊருக்குத் தந்தி போய்விட்டது. சொந்தக்காரர்கள் வேன் பிடித்து மெட்ராசுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். வழியில் அவர்களுக்குத் தகவல் சொல்ல எந்த வகையும் இல்லை. காகிதங்கள் எல்லாம் தயாராக இருந்தன. எங்கள் ஏர்வே பில் ஒன்றுதான் பாக்கி; அது இல்லாமல் பெட்டி விமானத்தில் ஏறாது.

கையால் பில் போட அனுமதி கேட்க முதலாளியிடம் ஓடினேன். வாடிக்கையாளர்களோடு கூட்டத்தில் இருக்கிறார், கதவைத் தட்டக்கூடாது என்றார் அவருடைய செயலாளர். கண்ணாடி வழியே அவர் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. நான் திரும்பி வந்து, கம்ப்யூட்டரை அணைக்கப் போகிறேன் என்று பெண்களிடம் சொன்னேன்.

"இப்பதான் பெரிய பில்லு போட்டுக்கிட்டு இருக்கேன் லா, முடிச்சுக்கிறேன்," என்றாள் ஒருத்தி. எதற்காக என்று சொன்னேன். அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

அணைத்துக் கிளப்பினேன். வட்டுகள் சுழன்று வேகம் பிடித்து, கம்ப்யூட்டர் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும்வரை அதன் முன்னால் நின்றேன். சாங்கி முடிக்கும்வரை இங்கே யாரும் உள்ளே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்கிள் உள்ளே வந்தார். ஒவ்வொரு வரியாக அடிக்கிறார் என்று போனில் தெரிந்தது. அச்சடிக்கக் கொடுக்கிற நேரத்தில் லைன் மறுபடி அறுந்தது.

"போயிட்டுது, பிள்ளை," என்றார்.

இனி சாங்கியை நம்பிப் பயனில்லை. விவரங்களைப் போனில் சொல்லுங்கள், இங்கேயே அடித்து அச்செடுத்து டாக்ஸியில் கொண்டு வருகிறேன் என்றேன். அவர் ஆங்கிலத்தில் எழுத்து எழுத்தாகப் படித்தார். தகப்பன் பெயரில் ஓர் எழுத்து தவறு என்று பக்கத்திலிருந்து அண்ணன் திருத்துவது கேட்டது. நான் அதே எழுத்தைத் திரும்பத் திரும்பத் தப்பாக அடித்தேன். ஒரு வழியாகத் தாள் வெளியே வந்ததும் கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினேன். விரைவுச்சாலை வழியாகப் போகச் சொன்னேன். டாக்ஸிக்காரர் சீனர், வயதானவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் ஓட்டினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது சரக்கு ஏற்றும் வேலை முடிந்திருந்தது. விமானக் கம்பெனியின் மலாய்க்கார அதிகாரி என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். உடனே ரேடியோவில் பேசினார். திரும்பவும் பேசிப் பார்த்தார். பிறகு தலையை அசைத்தார். அடுத்த விமானம் மறுநாள் கிடையாது, அதற்கும் அடுத்த நாள்தான்.

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டை, மடிப்பு கலையாமல் இருந்தது. நான் அவர் முன்னால் போய் நின்றேன். அவர் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அங்க எல்லாரும் வண்டியோட நிப்பாங்கம்மா," என்றார். சற்றுக் கழித்து, "இன்னைக்கு அவன் எங்க இருப்பான்?" என்று கேட்டார்.

அந்த அதிகாரிதான் எங்களைக் குளிர்கிடங்குவரை அழைத்துப் போய்க் கதவைத் திறந்து காட்டினார். மரப்பெட்டி ஒன்று ஓரமாக இருந்தது. அண்ணன் வாசலிலேயே நின்று பார்த்தார். உள்ளே போகவில்லை. குளிர் எங்கள் காலடியில் வந்து வழிந்தது.

அங்கிள் அதற்குள் விமானக் கம்பெனியின் டெலக்ஸ் தந்தி வழியாக மெட்ராஸ் விமான நிலையத்துக்குச் செய்தி அனுப்ப ஏற்பாடு செய்திருந்தார். வேனோடு காத்திருப்பவர்களைத் தேடி விஷயத்தைச் சொல்லும்படி கேட்டிருந்தார். சாயங்காலம் பதில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை அண்ணனுக்கு நான்தான் தமிழில் சொன்னேன். அவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டார்களாம். ஊருக்குத் திரும்பவில்லையாம், அங்கேயே இருந்து அவரைக் கூட்டிக்கொண்டு போகிறார்களாம்.

அண்ணன் அப்போதுதான் அழுதார். அங்கிள் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

சாப்பாட்டுக்கு மேல் வருவதாகச் சொன்ன இன்ஜினியர் மறுநாள் காலைதான் வந்தார். மோடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே இருந்த கேபிளைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு கம்பி இணைக்கப்படாமலே இருந்தது. லைன் அறுந்துவிட்டது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டிய கம்பி அது. விற்றவர்களின் ஆளே செய்து கொடுத்த கேபிள்தான். ஒரு காப்பி ஆறும் நேரத்தில் பற்றவைத்து முடித்துவிட்டார். அதன் பிறகும் லைன் எப்போதாவது அறுந்தது. ஆனால் இல்லாத ஆட்களைக் கம்ப்யூட்டர் தானே வெளியேற்றிவிட்டது. முதலாளி வந்து எட்டிப் பார்த்து, நல்ல வேலை என்று என்னைப் பாராட்டினார். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது நினைவிருக்கிறது.

அடுத்த விமானத்தில் பெட்டியும் அண்ணனும் போனார்கள். அங்கிள் போனில் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பங்குக் கோவிலில் இறந்தவர்களுக்கான பூசைக்கு அந்தத் தம்பியின் பெயரைக் கொடுத்தேன். அவர் கிறிஸ்தவர் இல்லை. பாதிரியார் உறவா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.