மூன்றாவது ரிங்கு

சீமெண்ணெயில் ஊறிய இரும்பின் வாடை எங்கே வந்தாலும் இன்றும் நான் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன். அந்தக் கோடையில், புத்தூருக்கு வடக்கே எங்கள் கிணற்று மேட்டில், நைனா, என் அப்பா, தண்ணீர் இறைக்கிற "ஆயில் இன்ஜினை" முழுக்கப் பிரித்துப் போட்டிருந்தார். பிஸ்டனைச் சுற்றி மாட்டுகிற பழைய ரிங்குகள் தேய்ந்து அது வெறும் புகையாகக் கக்கியது. கழனியிலோ நாற்பத்திரண்டு பாத்தி வேர்க்கடலை, காய் பிடிக்கும் நேரத்தில் தண்ணீருக்குக் காத்திருந்தது. திருப்பதிக் கடையில் மிச்சமிருந்த ஒரே செட்டை வாங்கி வந்திருந்தார். எண்ணெய்க் காகிதத்துக்குள் நான்கு ரிங்குகள்.

எனக்கு ஒன்பது வயது. எதையும் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது. நைனா சாப்பிடப் போன நேரத்தில் காகிதத்தைப் பிரித்து, ஒவ்வொன்றாக வளையல்போல் கையில் மாட்டி எண்ணினேன். ஒன்று நழுவித் துவைக்கிற கல்லில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் உட்பக்கம் முடியளவு கீறல். துடைத்து, மேலிருந்து மூன்றாவதாகச் செருகி மடித்துவிட்டேன்.

மறுநாள் காலை, பக்கத்துக் கழனி முனிரத்தினம் மாமா பிஸ்டனைப் பிடித்துக்கொள்ள, நைனா இரண்டு கட்டைவிரல்களாலும் ரிங்கை அகட்டி ஏற்றினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது "டிக்" என்று இரண்டு துண்டானது.

"இன்னா மச்சான், அது கட்டவெரலா கடப்பாரையா?" என்றார் மாமா. "பேசாம புத்தூருக்கு எடுத்துக்கினு போ. முட்டை தடவி எலும்புக்கட்டு போட்டு அனுப்புவாங்க."

நைனாவும் சிரித்தார். "அவசரப்பட்டுட்டேன்யா. என் கைதான்," என்றார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் சொல்லியிருக்கலாம்.

வேறு ரிங்கு மெட்ராஸிலிருந்து வரப் பதினொரு நாள் ஆயிற்று. அம்மா குடம் குடமாகச் சுமந்து ஆறு பாத்திக்கு ஊற்றிப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கடலையைப் பிடுங்கியபோது பாதிக்கு மேல் பருப்பில்லாத பொக்குக் காய்.

அதன்பின் நைனா இன்ஜினைத் தொடவே இல்லை. ஒரு நட்டு முடுக்கவும் ஆளைக் கூப்பிட்டார். "என் கைக்குப் பதம் பூடுச்சி," என்பார், கட்டைவிரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி. எத்தனை முறை சொன்னார் என்று எண்ணிக்கொண்டு வந்தேன். முப்பதுக்குமேல் எண்ண முடியாமல் விட்டுவிட்டேன்.

இன்று கிணறு தூர்ந்துவிட்டது. இன்ஜின் பழைய இரும்புக்குப் போய்விட்டது. போர் மோட்டாரை மகன் செல்போனிலேயே ஓட்டுகிறான். போன மாதம் அவனிடம் இதைச் சொன்னேன். "ஒரு ரிங்குக்கா நைனா இவ்ளோ நாளு?" என்றான்.

அவர் கையில் பதம் கடைசிவரை இருந்தது. அது எனக்குத் தெரியும், இப்போது என் மகனுக்கும் தெரியும். தெரிய வேண்டியவருக்குத்தான் தெரியாமல் போயிற்று.